அந்தப் பொக்கே நான் கட்டியது போலிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் சென்னை வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். திருச்சி உறையூரில் இருக்கும் தங்கையின் திருமண நாளுக்காக இணையத்தில் 1,499 ரூபாய்க்கு ஒரு பொக்கே ஆர்டர் செய்தாராம். டெலிவரிக்கு 149 தனி. படத்தில் இருந்தவை ஊதா நிற ஹைட்ராஞ்சியா, அகல விரிந்த லில்லி, இருபது ரோஜா. வந்து சேர்ந்ததோ பன்னிரண்டு ரோஜா, ஆறு ஜெர்பரா, விரியாத ஒரு லில்லி. அந்த ரோஜாக்களும் தலை தொங்கிக் கிடந்தனவாம். உள்ளூர்ப் பூக்கடைக்காரர்கள் பழைய பூவைத் தள்ளிவிடுகிறார்கள், இவர்களைக் கேட்க ஆளில்லை என்று கடிதத்தை முடித்திருந்தார்.

நான் தில்லைநகரில் பொக்கே கடை வைத்திருக்கிறேன். 19 வருஷம் ஆகிறது. கடிதத்தைப் படித்ததும் ஆர்டர் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அவர் குறிப்பிட்ட தேதியில் உறையூருக்கு ஒரு பொக்கே போயிருக்கிறது. பன்னிரண்டு ரோஸ், ஆறு ஜெர்பரா, ஒரு லில்லி, ஊதா ரிப்பன். ஆக, பழைய பூவைத் தள்ளிவிட்டவள் நான்தான் போலிருக்கிறது. அதனால் பதில் சொல்லவும் நானே கடமைப்பட்டவள்.

பூ பழசு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு வரும் ரோஸ் எல்லாம் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைவது. மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே வெட்டி, காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாக அட்டையில் சுற்றிக் கட்டி, ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆறேழு மணி நேரப் பயணம். முன்பெல்லாம் விடிகாலையில் மத்திய பேருந்து நிலையத்தில் போய் இறக்கிக்கொள்வோம். இப்போது பஞ்சப்பூர் போக வேண்டியிருக்கிறது. பார்சலைப் பிரித்ததும் நான் செய்யும் முதல் வேலை, ஒவ்வொரு ரோஸின் மொட்டையும் அடிப்பக்கத்தில் இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பார்ப்பது. கெட்டியாக இருந்தால் புதுசு. மெத்தென்று அமுங்கினால் இரண்டு மூன்று நாள் எங்கேயோ கிடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தனியாக எடுத்துவைத்து இதழ் உதிர்த்து விற்றுவிடுவேன். அப்புறம் வெளி இதழ் இரண்டைக் கிள்ளிவிட்டு, காம்பின் அடியை ஓர் அங்குலம் சாய்வாக வெட்டி, வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரமாவது நிற்க வைப்போம். தண்ணீர் குடிக்காத ரோஸை என் கடையில் யாரும் கட்டக் கூடாது. ஜெர்பராவுக்கு இந்தக் கவனிப்பு ஆகாது. அதன் காம்பில் ரோமம் இருக்கும், நிறையத் தண்ணீரில் விட்டால் அழுகும். நாலு விரல்கடைத் தண்ணீர் போதும்.

அப்படியானால் தலை ஏன் தொங்கியது?

அந்த ஆர்டர் எனக்கு வந்தது காலை எட்டரைக்கு. மே மாதம், கத்திரி வெயில். இணையதளத்துக்காரர்கள் அனுப்பிய முகவரியில் ஒரு தெருப் பெயர், அதற்குக் கீழே 'கோயில் பக்கத்தில், உறையூர்'. சென்னையிலிருந்து பார்த்தால் அது முகவரிதான். உறையூரில் இருப்பவருக்கு அது விடுகதை. வெக்காளி அம்மனா, நாச்சியார் கோயிலா, பஞ்சவர்ணசுவாமியா? போன் நம்பரும் அனுப்பியவருடையதுதான். தங்கைக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது என்று 'சர்ப்ரைஸ்' கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். நாங்கள் மூன்று முறை அழைத்தோம், எடுக்கவில்லை. தெரியாத நம்பரை யார் எடுக்கிறார்கள்? அவரைக் குறை சொல்லவில்லை.

எங்கள் கடையில் டெலிவரி பார்ப்பவன் என் அக்கா மகன். டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் ஒரு பெயிண்ட் வாளி, அதற்குள் ஈரச்சாக்கு, அதில் பொக்கேவை நிறுத்திக்கொண்டு போவான். அன்றைக்கு வாளியோடு மூன்று கோயிலையும் சுற்றிவிட்டு, ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்தால் பூட்டியிருக்கிறது. கல்யாண நாளாயிற்றே, கோயிலுக்குப் போயிருப்பார்கள். வாசலில் நிழல்கூட இல்லையாம். ஒன்றே காலுக்கு அவர்கள் வந்த பிறகு கையில் கொடுத்திருக்கிறான். வெயிலில் காம்புக்குள் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே ஏறாது. மொட்டின் கனம் தாங்காமல் கழுத்து மடங்கிவிடும். பூ கெட்டுப்போனது என்று நினைத்து எல்லோரும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே ஓர் அங்குலம் வெட்டி, பொக்கேவைப் பிரித்து, ரோஸை மட்டும் செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி, ஒரு மணி நேரம் ஆழமான வாளியில் நிறுத்திவைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். (உங்கள் நாளிதழ் இதற்கு நன்றாகவே இருக்கும், கெட்டித் தாள்.) இதை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் பொக்கேவோடு வைத்துக்கொண்டிருந்தேன். 'எங்கள் அட்டை தவிர வேறு கடை அட்டை எதுவும் இருக்கக் கூடாது' என்று சொல்லி அந்த இணையதளத்தார் அதை நிறுத்திவிட்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது.

அவர் கட்டியது மொத்தம் 1,648 ரூபாய். என் கணக்கில் வந்தது 620. டெலிவரியும் அதற்குள்தான். ரோஸ் அன்றைக்கு ஒன்று 12 ரூபாய் அடக்கம், பன்னிரண்டுக்கு 144. ஜெர்பரா ஆறுக்கு 48. லில்லி ஒரு காம்பு 70. இலை, ஜிப்சி என்கிற பொடி வெள்ளைப் பூ எல்லாம் சேர்த்து 40. தாளும் ரிப்பனும் 45. பையனுக்கும் பெட்ரோலுக்கும் 70. கூட்டினால் 417. மிச்சம் 203 ரூபாயில் கடை வாடகை, கட்டுகிற பெண்ணின் சம்பளம், ஃபிரிட்ஜ் ஓடுகிற கரண்ட், விற்காமல் ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போகிற பூ. பிப்ரவரி 14 நெருங்கினால் ரோஸ் கட்டு விலை இரண்டு மடங்காகும். வளர்பிறை முகூர்த்தம் வந்தாலும் ஏறும். அந்த 620 மட்டும் ஏறுவதில்லை.

மீதி ஆயிரத்துச் சொச்சம் எங்கே போனது என்று வாசகர் கேட்க வேண்டிய இடம் வேறு. அந்த இணையதளத்துக்குத் திருச்சியில் ஒரு வாளிகூடக் கிடையாது. விளம்பரம் இருக்கிறது, படம் இருக்கிறது, கார்டில் பணம் வாங்க வசதி இருக்கிறது. அவ்வளவுதான். அதற்கும் கூலி உண்டு, மறுக்கவில்லை. துபாயிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் என் கடையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், எப்படிப் பணம் அனுப்புவார்கள்? அவர்களால்தான் எனக்கு மாதம் முப்பது நாற்பது ஆர்டர் கூடுதலாக வருகிறது. ஆனால் 1,648இல் 620 என்பது நியாயமா என்று நான் கேட்டால் 'முடியாதென்றால் சொல்லுங்கள், வேறு கடை இருக்கிறது' என்கிறார்கள். இரண்டு ஆர்டரை மறுத்தால் ஒரு வாரம் ஆர்டரே வராது. சொல்லிவிட்டெல்லாம் நிறுத்துவதில்லை. வராது, அவ்வளவுதான்.

ஊர்விட்டு ஊர் பூ அனுப்பும் இந்த ஏற்பாட்டை 1910இல் அமெரிக்காவில் பூக்கடைக்காரர்களே கூடித் தொடங்கினார்கள் என்று என் மகள் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னாள். ஓர் ஊர்க் கடைக்காரர் இன்னோர் ஊர்க் கடைக்காரருக்குத் தந்தி கொடுப்பார், அவர் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு பக்கமும் பூவைத் தொட்டுப் பழகிய ஆட்கள். 'இன்றைக்கு இங்கே அது வரவில்லை, இதைப் போடட்டுமா' என்று கேட்டால் புரியும். இப்போது நான் அதையே கேட்டால், எங்கிருந்தோ ஒரு பையன் ஹிந்தியில் 'படத்தில் உள்ளபடி செய்யுங்கள்' என்கிறான்.

படத்தில் உள்ளபடி! ஹைட்ராஞ்சியா ஊட்டியில் வீட்டு வாசலில் எல்லாம் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும். திருச்சிக்கு அது மொத்தமாக வருவதில்லை. வந்தாலும் மே மாத வெயிலில் அரை மணி நேரத்தில் துவண்டுவிடும். டுலிப் போட்ட படம் ஒன்று இருக்கிறது. நீல ரோஜா போட்ட படம் ஒன்று இருக்கிறது, அது சாயம் ஏற்றியது. திருச்சிக்கும் அதே படம், பாட்னாவுக்கும் அதே படம். அடியில் பொடி எழுத்தில் 'பூக்கள் கிடைப்பதைப் பொறுத்து மாறலாம்' என்று போட்டுவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. திட்டு மட்டும் என் வீட்டுக்கு வருகிறது.

லில்லி விரியாமல் இருந்ததையும் குறையாக எழுதியிருந்தார். மொட்டாகக் கொடுத்ததற்குத் திட்டு வாங்கும் தொழில் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். காலையில் மல்லி வாங்கும்போது யாராவது விரிந்த பூவைக் கேட்பார்களா? இறுக்கமான மொட்டாகப் பார்த்து வாங்கி, சாயங்காலம் தலையில் விரிய வேண்டும் என்றுதானே நினைக்கிறோம். லில்லியும் அப்படித்தான். மொட்டில் நிறம் தெரிய ஆரம்பித்ததும் கொடுத்துவிட வேண்டும். ஒரே காம்பில் இருக்கும் மொட்டுகள் இரண்டு மூன்று நாளில் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். விரிந்ததும் நடுவில் தொங்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டால் இன்னும் இரண்டு நாள் கூடத் தாங்கும். பட்டுப்புடவையில் அந்தப் பொடி பட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடாதீர்கள், கறை துணிக்குள் இறங்கிவிடும். செலோடேப்பை ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.

என் பக்கம் தப்பே கிடையாது என்று சொல்ல வரவில்லை. போன வருஷம் சீசனில் கடைப் பெண் ஒரு கிலோ பழுத்த மாம்பழத்தைப் பூ ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காலையில் திறந்தால் வாசனை ஆளைத் தூக்குகிறது. கார்னேஷன் எல்லாம் இதழை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு தூங்குகின்றன. பழம் விடுகிற காற்று அப்படி, அதன் பெயர் எத்திலின். எண்பது பூவுக்கு மேல் போயிற்று. அதில் ஐந்தாறு சுமாராகத் தெரிந்தன என்று ஒரு பொக்கேவில் சேர்த்துவிட்டேன். அன்று மாலையே அந்த வீட்டம்மா போன் செய்து கேட்டார். திருப்பிக் கட்டிக் கொடுத்தேன். அவருக்கு என் கடை தெரியும், நம்பர் தெரியும், அதனால் கேட்க முடிந்தது. வீட்டில் பொக்கேவைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வாழைப்பழத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எங்கள் அம்மா ஸ்ரீரங்கத்தில் வாடிக்கைப் பூ போட்டவர். விடியற்காலையில் சாத்தார வீதி மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கி, வாழைநாரில் தொடுத்து, மத்தியானத்துக்கு மேல் வீதி வீதியாகப் போவார். யாரும் கதவைத் திறக்க வேண்டியதில்லை. முழம் அளந்து, வாழை இலைக் கிழிசலில் சுற்றி, கிரில் கம்பியில் செருகிவிட்டு வருவார். எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு முழம் கூட வேண்டும், எந்த வீட்டுப் பாட்டிக்கு முல்லை மட்டும்தான் ஆகும், எந்த வீட்டில் துக்கம், பத்து நாள் பூ வேண்டாம், எல்லாம் மனசில் இருக்கும். மாதம் பிறந்தால் கணக்கு. வாடிய பூ கொடுத்தால் மறுநாள் அதே வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கு 'ஹோம் டெலிவரி' என்று புதுசாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அம்மாவுக்குப் பொக்கே பிடிக்காது. 'தலையில் வைக்க முடியாத பூவுக்கு எதுக்கடி இத்தனை பிளாஸ்டிக்கு' என்பார். அவர் சொன்னதில் பாதி நியாயம். பளபளவென்று சுற்றுகிற தாள் பிளாஸ்டிக். துணி மாதிரி இருக்கும் நான்-ஓவனும் பிளாஸ்டிக்தான், பலருக்குத் தெரியாது. கூடையில் செருகுவதற்கு வைக்கும் பச்சை ஃபோமும் மக்காது. நேரில் வரும் வாடிக்கையாளர்களுக்கு இப்போது பழுப்புத் தாளில் சுற்றி வாழைநாரில்தான் கட்டித் தருகிறேன். இணையதள ஆர்டருக்கு அது முடியாது. படத்தில் பளபளப்பு இருக்கிறதே.

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் ஆறு வருஷமாக என்னிடம் நேரடியாகச் சொல்கிறார். அவர் அம்மா கருமண்டபத்தில் இருக்கிறார். முதல் நாள் ராத்திரி வாட்ஸ்ஆப்பில் 'அக்கா, நாளைக்கு என்ன பூ வரும்' என்று கேட்பார். காலையில் பார்சல் பிரித்ததும் வாளியோடு படம் எடுத்து அனுப்புவேன். 'அந்த மஞ்சள் ரோஸ் நல்லா இருக்கு, அதையே கட்டுங்க' என்பார். இங்கே இருக்கும் அவர் தம்பி ஜிபேயில் பணம் போட்டுவிடுவார். 800 ரூபாய் என்றால் 800 ரூபாய்க்கும் பூவும் வேலையும்தான். முதல் தடவை கொண்டுபோனபோது அந்த அம்மா பொக்கேவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'அழகாத்தான் இருக்கு, கூட ரெண்டு முழம் மல்லி வெச்சிருந்தா நான் இன்னிக்கு வெச்சுக்கிட்டுப் போவேனே' என்றார். அதற்குப் பிறகு யார் வீட்டு அம்மாவுக்குப் பொக்கே போனாலும் கேட்டுக்கொண்டு மல்லி சேர்த்து அனுப்புகிறேன். இணையதளத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

ஆகவே சென்னை வாசகரிடமும் உங்கள் மற்ற வாசகர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பூ எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர்க் கடைக்கு ஒரு போன் போடுங்கள். கூகுள் மேப்பில் தேடினால் நம்பர் கிடைக்கிறது. என்ன பூ வேண்டும் என்று சொல்வதற்கு முன், இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். எந்தக் கோயில் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்! வாங்குகிறவர் வீட்டில் யாராவது ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி அவர் நம்பரைக் கொடுங்கள். ஆஸ்பத்திரி என்றால் அதையும் சொல்லுங்கள், ஐசியுவில் பல இடங்களில் பூவை உள்ளே விடுவதில்லை, லில்லி வாசனை நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகும்.

இன்னொன்று, அரசு அதிகாரிகள் யாராவது படித்தால் அவர்களுக்கு. 2020 ஜூலையில் மத்திய அரசு மின்வணிகத்துக்கென்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தது. பலர் சரக்கை விற்றுத் தரும் சந்தைத் தளம் என்றால், விற்பவரின் கடைப் பெயர், முகவரி, தொடர்பு எண் எல்லாம் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் பூ கட்டித் தரும் தளத்தில் என் கடைப் பெயர் எங்கேயும் கிடையாது. கேட்டால் 'விற்பனையாளர் நாங்கள்தான், நீங்கள் எங்களுக்குச் செய்து தருகிறவர்' என்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். விற்றவர் அவர் என்றால், பூ வாடினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தானே? புகார் போனால் மட்டும் 'உள்ளூர்க் கடையின் தவறு' என்று மெயில் அனுப்பிவிட்டு, என் 620இல் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த ஆர்டருக்கும் 310 பிடித்தாயிற்று. வாசகருக்கு ஏதாவது திருப்பிக் கொடுத்தார்களா என்று அவர்தான் சொல்ல வேண்டும். கொடுக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அவர்கள் விசாரித்தால் என் நோட்டைக் காட்ட நான் தயார்.

கடிதத்தைப் படித்த மறுநாள், அக்கா மகனிடம் ஒரு பொக்கேவும் இரண்டு முழம் மல்லியும் கொடுத்து அதே உறையூர் வீட்டுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை ஐந்து நிமிஷத்தில் போய்விட்டான். அங்கிருந்தே போன் போட்டு அந்தத் தங்கையிடம் கொடுத்தான். மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிவிட்டார். அண்ணன் பத்திரிகைக்கு எழுதியதே அவருக்குத் தெரியாதாம். ரோஸ் மட்டும் சாயங்காலமே போய்விட்டது, ஜெர்பரா நாலு நாள் இருந்தது என்றார். லில்லியைக் கேட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்று விரிந்ததாம், அப்புறம் இன்னும் இரண்டு. ஒரு வாரம் டிவி மேல் இருந்ததாம்.

'அண்ணனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினீங்களா?' என்று கேட்டேன்.

'இல்லைங்க, வந்த அன்னிக்கு எடுத்ததைத்தான் அனுப்பினேன்' என்றார்.

இதை எழுதலாமா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சரி என்றார். என் பெயரும் கடை முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், உங்கள் பார்வைக்கு மட்டும். பெயரைப் போட்டால் ஆர்டர் வராது.

இப்படிக்கு,
பொக்கே கடைக்காரி,
தில்லைநகர், திருச்சி – 18